கறுப்புக் காயில் அரைப் புள்ளி

டிசம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஆட்டோ எதுவும் தி.நகர் வர மாட்டேன் என்றது. என் வீட்டுக்காரர் யூசுப் திரைச்சீலைக் கடையைத் திறக்கப் போகிற வழியில் பைக்கில் கொண்டுவிட்டார். நனைந்த சல்வாரோடு செஸ் போட்டியின் எட்டாவது சுற்று. ஜெயித்தேன். எதிராளி நேரம் போதாமல் ஒரு குதிரையைக் கோட்டை விட்டார்.

ஆக, வியாழன் கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி போதும். ஒரே ஒரு டிரா. மூன்றாவது நார்ம், அதாவது தகுதிப் படி. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குப் பாக்கி அது ஒன்றுதான். இரண்டாவது நார்ம் வந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது மகள் ஜைனப் இரண்டாம் வகுப்பு.

எதிராளி சுரேஷ். எனக்குக் கறுப்புக் காய்.

யூசுப், தோசைக்கு நடுவில்: "டிராதானே? தோக்காம இருந்தா போதும், அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்.

வாங்க வேண்டியது: சின்ன வெங்காயம், ஜைனபுக்குக் கலர் பென்சில்.

டிசம்பர் 10, புதன்

ஓய்வு நாள். நல்ல மழை. துணியெல்லாம் ஹாலில், ஃபேனுக்குக் கீழே.

நாள் முழுக்க லேப்டாப். வழக்கமாக நான் ஆடுவது சிசிலியன் தொடக்கம். இரண்டு பக்கமும் கத்தி. பெட்ரோவ் தொடக்கம் ஆடினால் பத்திரம், காய்கள் சீக்கிரம் குறையும். பெட்ரோவ் என்று முடிவு. மனசு டிரா பக்கம் சாய்ந்தாயிற்று.

மாலை சுரேஷ் போன். ஆதம்பாக்கத்துப் பையன். என்னோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவன், என்னை முந்தி எப்போதோ கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டான்.

"அக்கா, நாளிக்கு இன்னா பண்லாம்?"

"ஆடலாம்."

"அதில்லக்கா. எனக்கு எப்டியும் ரெண்டாவது இடம்தான். கொஞ்ச நேரம் ஆடிட்டு டிரான்னு கை குடுத்துக்கலாமா? உங்களுக்காகத்தான் கேக்கறேன்."

அன்பாகத்தான் கேட்டான். கஷ்டமே அதுதான். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வது விதிப்படி தப்பு. செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 'சரி' தொண்டை வரை வந்துவிட்டது.

"வேணாம் சுரேஷ். போர்டுலயே பாத்துக்கலாம்."

"சரிக்கா. அப்ப நான் ஜெயிக்கத்தான் ஆடுவேன்."

"ஆடு."

யூசுபிடம் சொன்னேன். "பைத்தியமா உனக்கு?" என்றார். அப்புறம் அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

டிசம்பர் 11, வியாழன்

வெயில். போட்டி ஹாலில் ஏ.சி. குளிர். சால்வை எடுத்துப் போகாதது தப்பு.

பெட்ரோவ். ராணிகள் சீக்கிரமே வெட்டுப்பட்டன. டிரா கேட்டேன், ஆட்டத்தின் நடுவே போர்டில் கேட்பது சரிதான். சுரேஷ் நிமிரக்கூட இல்லை. "ஆடறேன்க்கா."

அதற்கப்புறம் என் ஆட்டம் படுமோசம். எதை வெட்டிக்கொண்டால் டிராவுக்குப் பக்கம் என்ற கணக்கு மட்டும்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மந்திரியைக் கொடுத்து அவனுடைய சோம்பேறிக் குதிரையை வாங்கினேன். கடைசியில் ஆளுக்கொரு யானை. அவனுக்கு ஒரு சிப்பாய் அதிகம். என்னுடைய இன்னொரு சிப்பாய் மேலும் கண்.

இங்கேதான் ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். யானையைப் பின்னால் வைத்துச் சிப்பாயைக் காப்பாற்றலாம். உடனே ஆபத்தில்லை. ஆனால் யானை அசைய முடியாது, அவன் ராஜா நிதானமாக நடந்து வந்து நெரிப்பான். இல்லாவிட்டால் சிப்பாய் போனால் போகிறதென்று யானையை அவன் ராஜாவுக்குப் பின்னால் அனுப்பி, செக் மேல் செக். இரண்டு சிப்பாய் குறைவு. செக் நின்றால் கதை முடிந்தது.

இரண்டாவதை முடிவு வரை கணக்குப் போட முடியவில்லை. முதலாவதில் எப்படித் தோற்பேன் என்பது துல்லியமாகத் தெரிந்தது. அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, டிராவை மறந்து எது நல்ல நகர்த்தல் என்று மட்டும் பார்த்தேன்.

சிப்பாயை விட்டேன். சுரேஷ் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

செக். செக். அவன் ராஜா ஒளிய இடம் தேடி அலைந்தது. கடிகாரத்தில் இருவருக்கும் நேரமில்லை. ஓரத்துச் சிப்பாயை வேகமாகத் தள்ளினான். அந்த ஒரு மூச்சு எனக்குப் போதுமாக இருந்தது. அவன் சிப்பாய் ஒன்றை வெட்டினேன், பிறகு இன்னொன்று; கணக்குச் சமமானது. ஜெயிக்க ஒன்றும் மிச்சமில்லை. கை நீட்டினான். டிரா.

யூசுபுக்குப் போன் செய்தேன், பேச வரவில்லை.

"அழறியா? தோத்துட்டியா?"

"இல்லங்க. டிரா."

"அப்புறம் ஏம்மா அழற?"

தெரியவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு பாண்டி பஜாரில் இரண்டு பிளேட் பொடி இட்லி.

டிசம்பர் 12, வெள்ளி

யூசுப் தொழுகைக்குப் போனதும் நேற்றைய ஆட்டத்தை அலசிப் பார்க்க லேப்டாப்பைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். சுரேஷ் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளாமல் ராஜாவை இடப்பக்கம் ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் என் செக்கெல்லாம் தீர்ந்திருக்கும். எனக்கு நிச்சயத் தோல்வி.

இதைக்கூடப் பார்க்காத ஆளா சுரேஷ்? உங்களுக்காகத்தான் கேட்கிறேன் என்றானே. தெரிந்தே விட்டானா? அப்படியானால் இந்த நார்ம் எனக்கு எதற்கு? சாம்பார் அடிப்பிடித்த வாசனை. அடுப்பை அணைத்துவிட்டுப் போன்.

"சுரேஷ், ராஜாவ இடப்பக்கம் நகத்தியிருந்தா நீ ஜெயிச்சிருப்ப."

"பாத்துட்டேன்க்கா. தூக்கமே வரல. போர்டுல கண்ணுக்கே தெரியல."

"தெரிஞ்சிருந்தா?"

"இன்னாக்கா கேக்கற நீ? வுட்ருப்பனா?"

கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.