ராகிக் கொல்லையில் இறங்கினேன்

இல்லை அண்ணா, திரும்பவில்லை. மூக்கு நேராகவே இறக்கினேன்.

என் கைக்குட்டையில் பெட்ரோலும் சந்தனமும் சேர்ந்து மணக்கின்றன. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று, ஆயுத பூஜைக்கு மறுநாள். குடகில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உன் சிநேகிதர் என்னை நம்பி விட்டிருக்கும் அந்தச் சின்ன விமானம். மர உயரம் தாண்டியதும் இஞ்சின் இருமியது. நின்றது. பிறகு இறக்கைக் கம்பிகளில் காற்றின் ஓசை மட்டும்.

முன்னால் ராகி, வரப்பு, ஒரு புளியமரம். பின்னால் நான் கிளம்பிய மைதானம்.

ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு பக்கத்தில் இருந்தது. அகலமாக, மட்டமாக, நமக்கென்றே விரித்ததுபோல. போன வருஷம் உனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். பாதித் திருப்பத்தில் நீ விழுந்தபோது, பயந்துவிட்டாய் என்றார்கள் விமானக் கிளப்பில். பயமில்லை. நல்ல தரை தெரிந்தால் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. அவ்வளவுதான்.

அல்சூர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அப்பளத்தை விமானமாகப் பிடித்துக் காட்டுவாய். "இஞ்சின் நின்னா திரும்பாதே. மூக்கு நேரா எறக்கு. திரும்பினே..." கையில் அப்பளம் நொறுங்கும். சோற்றில் விளையாடாதே என்று அம்மா அதட்டுவாள். உன் கையிலிருந்து உதிர்ந்த தூள்தான் நேற்று கண்ணில் தெரிந்தது. நேரே போனேன்.

விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கொல்லைக்காரர் வந்து, நான் பெண் என்று கண்டு தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு கன்னடத்தில், அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி இறங்கச் சொன்னார். பக்கத்துக் கொல்லை அவருடைய தாயாதியுடையதாம்.

ஆஸ்டின் டவுன் மெக்கானிக் வந்து சேருமுன், பெட்ரோல் இருக்கிறதா பார்க்க மேல் இறக்கைக்கு ஏறி டாங்கி மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் ஓர் ஊசித்துளை உண்டு, உனக்குத் தெரியும். அது அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. துளையின் மேல் அம்மா பூஜைக்கு வைத்த சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து இறுகியிருந்தது.

துடைத்துவிட்டேன். மெக்கானிக் பார்க்கவில்லை. மாலைக்குள் விமானத்தை மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தோம்.

போன வருஷமும் பூஜைக்கு மறுநாள்தான். போன வருஷமும் அம்மா முக்காலியில் ஏறி வைத்தாள். நீ சிரித்துக்கொண்டே முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன்னோடு உன் விமானமும் எரிந்துவிட்டது. எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் நிச்சயமில்லை. அம்மாவை உடைக்கச் சந்தேகமே போதும்.

நான் மறுபடி பறக்க அம்மா ஒரே ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். இஞ்சின் இன்னொரு தரம் நின்றால் அதோடு விட்டுவிட வேண்டும். காரணத்தைச் சொன்னால் சத்தியம் தளர்ந்துவிடும்: பழுது இஞ்சினில் இல்லை. சொல்லாவிட்டால், ஒன்று பறப்பதை விட வேண்டும், அல்லது சொல் தவறியவளாக வேண்டும்.

வீட்டுக்குள் நுழைகையில் செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது.

"நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா."

"எதனால?"

"தெரியலை."

"சத்தியம் பண்ணியே."

"பண்ணேன். ஆனா விட மாட்டேம்மா."

அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "அவனும் இப்படித்தான். ஒரு பேச்சு கேக்க மாட்டான்." பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

பிடிவாதக்காரி என்று இருந்துவிட்டுப் போகிறேன். அதைச் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. மற்றதைச் சுமக்க அவளுக்கு இல்லை. அடுத்த பூஜைக்கு அம்மா வந்தால் முக்காலி இருக்காது. விமானத்தின் மூக்கில், கைக்கு எட்டுகிற காத்தாடிக்குச் சந்தனம் வைக்கச் சொல்வேன். வருவாளா, தெரியாது. உன்னிடம் மட்டும் சொன்னேன்.

இன்று காலை அம்மா பேசுவாள் என்று காப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். பேசவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பெட்ரோல் நிரப்பினேன். தனியாக மேலே போய்விட்டு வந்தேன்.