நீலப் பாத்திரம் கொள்ளும் மெஷின்

ஜூன் 9, திங்கள்

டிஷ்வாஷர் நின்றுவிட்டது. மத்தியானம் போட்டேன். கொஞ்ச நேரம் உறுமியது, பிறகு ஒரு தீய்ந்த வாசனை, அவ்வளவுதான். கதவைத் திறந்தால் அடியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. உள்ளே என் கஞ்சிக் கிண்ணங்கள் நாலு. நான் ஒருத்தன் சாப்பிட்டு அது நிறைவதற்கு நாலைந்து நாள் ஆகிறது. அதற்குள் ஓட்ஸ் காய்ந்து சிமெண்ட் ஆகிவிடும்.

என் மனைவி ஷோனா இருந்தால் கேலி செய்திருப்பாள். நாற்பது வருஷம் பால் கறக்கும் மெஷினைக் கட்டி மேய்த்த மனுஷனுக்கு இந்த ஒரு பெட்டியோடு மல்லுக்கட்ட முடியவில்லையா என்று.

வெளியே ஜூன் மாதக் குளிர், உறைபனி. யாரும் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்வர்கார்கிலிலிருந்து ரிப்பேர்காரன் வந்தான். பம்ப் எரிந்துபோய்விட்டதாம். "இதுக்குச் செலவு பண்றது வீண். புதுசு வாங்கிடுங்க" என்றான். அடியில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றி, பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு உருண்டையைத் தோண்டி எடுத்தான்.

"என்னங்க இது, பிளாஸ்திரியா? யாருக்கு இத்தனை காயம்?"

தெரியாது என்றேன். அவன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தெரிந்துவிட்டது.

போன செப்டம்பரில் ஷோனா இறந்துபோனபோது ஊரே எனக்குச் சமைத்துக் கொண்டுவந்தது. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, முட்டையை மாவில் அடைத்துச் சுட்ட பை, என்னென்னவோ. வின்டனில் யாரும் தன் பாத்திரத்தை வெறுமனே வெளியே அனுப்ப மாட்டார்கள். அடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெயர் எழுதித்தான் அனுப்புவார்கள். நான் தின்றேன், மெஷினில் போட்டேன். பெயரெல்லாம் வடிகட்டிக்குள் போய்விட்டது.

மற்றவர் பாத்திரத்தை ஷோனா எப்போதும் கையால்தான் கழுவுவாள். மெஷினை வைத்துக்கொண்டு எதற்கடி இந்த வேலை என்று நான் சீண்டுவேன். ஏன் என்று அவள் சொன்னதே இல்லை. அல்லது சொல்லியிருப்பாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

கீழ் அலமாரியில் ஒன்பது பாத்திரம் அப்படியே இருக்கிறது. எது யாருடையது? அந்த வாரம் வாசலில் வந்து நின்ற முகம் ஒன்றுகூட நினைவில்லை. கேட்கலாம்தான். ஆனால் எப்படிக் கேட்பது — நீங்கள் கொடுத்ததைத் தின்றேன், யார் கொடுத்தது என்று பார்க்கவில்லை என்றா?

ஜூன் 13, வெள்ளி

பிரிஸ்பேனிலிருந்து மகள் ஜெனீன் பேசினாள்.

"சின்னதா ஒண்ணு வாங்குங்கப்பா. பாதி அகலத்துல வருது. ஒரு ஆளுக்கு அது தாராளம்."

"உங்கம்மா இருந்தப்ப—"

"அம்மா இல்லையேப்பா."

பிறகு அவள், அங்கே நல்ல வெயில் என்றாள். இங்கே குழாய் உறைந்துவிட்டது என்றேன்.

ஜூன் 14, சனி

கையால் கழுவினேன். ஒரு தட்டு, ஒரு கத்தி, ஒரு கோப்பை. துடைக்க ஆள் இல்லை.

ஜூன் 18, புதன்

கடைக்குப் போனேன். அங்கிருக்கும் பெண் பெயர் கெரின். பெரிய மெஷின் பதினாலு பேர் சாப்பிட்ட பாத்திரம் கொள்ளும். சின்னதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, தடியான புத்தகத்தை நிறுத்தி வைத்த மாதிரி.

"வீட்ல எத்தனை பேருங்க?"

ஒன்று என்று சொல்ல எனக்கு இத்தனை நேரம் பிடிக்கும் என்று நினைக்கவில்லை.

அவள் ஒன்றும் கண்டுகொள்ளாத மாதிரி, "அவசரப்படாதீங்க. வீட்ல இருக்கறதுலயே பெரிய பாத்திரத்தை எடுத்துட்டு வாங்க. ரெண்டுலயும் வச்சுப் பாத்துடலாம். வாங்கின பிறகு கொள்ளலைன்னா தினமும் என்னைத்தான் திட்டுவீங்க" என்றாள்.

சின்னதை வாங்கினால் இனி இந்த வீட்டில் ஒரே ஆள்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. பெரியதை வாங்கினால்? யார் வரப்போகிறார்கள்? செப்டம்பரில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் கிறிஸ்துமஸுக்குள் மறைந்துவிட்டார்கள். தெருவில் பார்த்தால் தலையை ஆட்டுகிறார்கள், அதோடு சரி. நான் எதுவும் செய்யவில்லையே. கோபமாக இருக்கிறது. கோபம்கூட இல்லை, தனியாக இருக்கிறது.

ஜூன் 21, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

வீட்டிலேயே பெரியது அந்த ஒன்பதில் ஒன்று. நீள்வட்டமாக, நீலப் பீங்கான். அதைத்தான் துண்டில் சுற்றிக் கடைக்கு எடுத்துப்போனேன். சின்ன மெஷினில் வைத்தோம், கதவு மூடவில்லை. பெரியதில் சுகமாக உட்கார்ந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அசட்டுச் சந்தோஷம். அப்போது கெரின் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உங்களுதா?"

வீட்டில் இருந்தது என்றேன்.

"எங்க நோலீன் அத்தையோடதுங்க. ஓரத்துல இந்த வெட்டு நான் போட்டது. ஏழு வயசுல கீழ போட்டுட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்தை உங்களைப் பத்திக் கவலைப்பட்டுட்டே இருக்கும். ஆனா வராது. பாத்திரம் திரும்பி வரலையே, அவருக்கு ஆள் வேண்டாம் போல, சும்மா விடுங்கன்னு சொல்லிடுச்சு. மத்தவங்களும் அப்படித்தான்."

காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாத வழக்கமா என்ன? இங்கே பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவதுதான் பேசப் போவது. ஒரு டீ, ஒரு மணி நேர வம்பு. பிறகு அவர்கள் வருவார்கள். பாத்திரத்தை வைத்துக்கொண்டால் என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று பொருள். ஒன்பது மாதமாக ஒன்பது வீட்டுக்கு நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

நீலப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பெரிய மெஷின் எதற்கு? என்னுடையது என்று இருப்பதெல்லாம் கஞ்சிக் கிண்ணம். அடுத்தவர் பாத்திரத்தைக் காட்டிப் பெரியதை வாங்கப் பார்க்கிறேனா? கிழவனுக்குக் குசும்பு.

ஜூன் 25, புதன்

போகவில்லை. மழை. மழை நின்ற பிறகும் போகவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வெறும் பாத்திரத்தை நீட்ட முடியாது. சீஸ் ரோல் செய்தேன். ரொட்டியில் சீஸும் வெங்காயமும் தடவிச் சுருட்டி வாட்டினால் ஆயிற்று, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். முதல் தட்டு கருகியது. இரண்டாவது பிரிந்துகொண்டது. மூன்றாவது பரவாயில்லை. கருகியதை நானே தின்றேன்.

ஜூன் 28, சனி

நோலீன் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டாரு மகாராஜா. வாடகை எங்க?"

சீஸ் ரோலைக் காட்டினேன். ஒன்றை எடுத்து வாசலிலேயே கடித்தாள். "வெங்காயம் பத்தல. உள்ள வா, குளிருது."

டீ போடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள். "ஏன் கெல்வின், அப்படி என்ன பண்ணிட்டோம் நாங்க? பாத்திரத்தைக்கூடத் திருப்பித் தர மனசில்லாம?"

"பேர் போயிடுச்சு நோலீன்."

"எந்தப் பேரு?"

"பிளாஸ்திரி. எல்லாத்தையும் மெஷின்ல போட்டுட்டேன். எது யாருதுன்னு தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு. நீங்கதான் என்னை மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

திரும்பிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். நிற்காமல் சிரித்தாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஷோனா உன்னை ரொம்பத்தான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கா" என்றாள்.

காரில் இருந்த மற்ற எட்டையும் எடுத்துவந்து மேஜையில் பரப்பினேன். ஒன்றுகூடத் தடுமாறாமல் யார் யாருடையது என்று சொல்லிவிட்டாள். நான் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை, அழுதேன். அவள் வெளியே போய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு மெதுவாக வந்தாள்.

ஜூலை 3, வியாழன்

பாத்திரங்களைக் கொடுத்து முடிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மத்தியானம் முழுக்கப் போய்விடுகிறது. வயிறு உப்பிவிட்டது, அத்தனை டீ. சீஸ் ரோலில் வெங்காயத்தைக் கூட்டிவிட்டேன்.

கெரினிடம் பெரியதையே அனுப்பச் சொன்னேன். "பொண்ணு சின்னது வாங்கச் சொல்லிச்சுன்னீங்களே?" என்றாள். மகள் பிரிஸ்பேனில் சின்னதில் கழுவிக்கொள்ளட்டும் என்றேன்.

ஜூலை 12, சனி

மெஷின் மாட்டியாகிவிட்டது. புது மெஷினைப் பார்க்க வருகிறோம் என்று ஒரு கூட்டமே வந்து இறங்கியது. டிஷ்வாஷரை வேடிக்கை பார்க்க வந்த ஜனம் இந்த ஊரில்தான் இருக்கும். நாற்காலி போதாமல் கட்டிலில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், எந்தத் தட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சண்டையே வந்தது.

நோலீன் கடைசியாக வந்தாள். கையில், ரூபார்ப் தண்டை அடைத்துச் சுட்ட பை. போகும்போது சமையலறையில் என்னைத் தனியாக நிறுத்தி, பை தீர்ந்து காலியான பாத்திரத்தைக் கொடுத்தாள். சாதாரணக் கண்ணாடித் தட்டு.

"இது உன்னுது. போன ஆகஸ்ட்ல அவ எனக்கு இதுலதான் பை சுட்டுக் கொண்டு வந்தா. நானும் திருப்பித் தரல. உன்னைக் குத்தம் சொன்னேனே தவிர, எனக்கும் குடுக்க மனசு வரல."

திருப்பிப் பார்த்தேன். அடியில் பிளாஸ்திரி. நீலப் பேனா. ஷோனா. கடைசி எழுத்தின் வாலை அவள் எப்போதும் இழுக்கிற மாதிரியே இழுத்திருக்கிறாள்.

"கையாலதான் கழுவணும்" என்றாள் நோலீன்.

எல்லோரும் போன பிறகு மெஷினை நிரப்பினேன். ஒரே மத்தியானத்தில் நிறைந்துவிட்டது, இரண்டு கோப்பைக்கு இடமில்லை. அதை ஓடவிட்டு, கண்ணாடித் தட்டை மட்டும் தொட்டியில் கழுவினேன். அடிப்பக்கத்தை நனைக்காமல் கழுவக் கொஞ்சம் நேரமாகிறது.