உப்பு டப்பாவின் ரப்பர் பேண்ட்

ஜூன் 8

பள்ளியில் ‘ஓய்வு’ பற்றிக் கட்டுரை. நான் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் எழுதினேன். அவர் அலுவலகத்தில் கணக்கர். அவள் ஆலையில் நெய்து வரும் துணியில் குறை தேடியவள். இருவருக்கும் ஒரே வருடத்தில்தான் ஓய்வு கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் அது வந்து சேர்ந்தது. காலையில் நடை, பிறகு வரி விளம்பரம் வரைக்கும் பேப்பர், மத்தியானத் தூக்கம், மாலையில் முன்னறையில் நண்பர்களோடு சதுரங்கம். இடையிடையே டீ, சாப்பாடு, துவைத்த சட்டை. அந்த ‘இடையிடையே’தான் பெரியம்மாவின் முழு நாள்.

டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: “வீட்டு விஷயம் வேண்டாம்.” வேறு எதைத்தான் எழுதுவது?

ஜூன் 12

வெளியூரிலிருந்து அம்மா போன். “அவங்க வீட்டுல தங்கிப் படிக்கிறியே, பெரியம்மாவுக்குக் கூடமாட ஏதாவது செய்யிறியா, இல்ல புத்தகமும் கையுமாத்தானா?”

சுருக்கென்றது. சமையலறை அலமாரியைச் சுத்தம் செய்யப் போகிறேன்.

ஜூன் 14

நல்லது செய்யப் போய் இப்படியா ஆக வேண்டும்! டப்பாக்களையெல்லாம் கழுவித் துடைத்தேன். ஒன்றில் மட்டும் பழைய ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. கழற்றி எறிந்தேன்.

மாலையில் பெரியப்பாவின் நண்பர்கள் ஒரு வாய் டீ குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“என்னப்பா, தோத்தவனுக்கு மட்டும் உப்பு டீயா, இல்ல எல்லாருக்குமா?” என்றார் அவர்களில் ஒருவரான தபால்காரர். ஒரே சிரிப்பு.

பெரியப்பா சிரிக்கவில்லை. “ஏய்! உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியல? கண்ணு அவிஞ்சா போச்சு?”

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டே, “ஆமாங்க” என்றாள்.

அந்த ரப்பர் பேண்ட்தான் உப்புக்கு அடையாளம். எத்தனை நாளாகத் தடவித் தடவிச் சமைக்கிறாளோ! நாள் முழுக்க அதே வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கு? புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால்தானே!

ஜூன் 17

பெரியம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்புரை. முற்றிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது கஷ்டம் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் அடுப்புப் பக்கமே போகக்கூடாதாம்.

“ஏன் பெரியம்மா யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா யாருடி சமைப்பா?”

ஜூன் 18

“பார்க்கலாம். இந்த மாசம் சதுரங்கப் போட்டி இருக்கு. எனக்கு மூச்சு விட நேரமில்ல” என்கிறார் பெரியப்பா.

மூச்சு விட நேரமில்லையாம்! அப்ப மத்தியானம் கேக்குற குறட்டை யாரோடதாம்? பத்திக்கிட்டு வருது எனக்கு.

ஜூன் 19

சொல்லிவிட்டேன். “சமையல நான் பார்த்துக்கறேன் பெரியப்பா. ஆபரேஷனத் தள்ளிப்போடாதீங்க.”

உடனே சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. ஏதோ ஜெயித்த மாதிரி இருக்கிறது.

ஜூன் 24

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 2

நூலகப் புத்தகத்தைப் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன். “அதுக்குள்ள முடிச்சிட்டியா? கெட்டிக்காரி!” என்றார் நூலகர்.

ஜூலை 9

டீ. டீ. மறுபடியும் டீ.

ஜூலை 15

டீத் தட்டோடு வாசல்படியில் நின்றேன். உள்ளே பெரியப்பா நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பொண்ணுக்குக் கைப்பக்குவம் வந்துடுச்சு. இனிமே கவலையில்ல.”

இனிமேவா?

ஜூலை 25

பெரியம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது! ஒரு மாதப் பரிசோதனை முடிந்து, புதுக் கண்ணாடியோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஜன்னல், காலண்டர், சுவர்ப்பல்லி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் கையை இழுத்துப் பார்த்தாள். துணியில் குறை தேடும் அதே பார்வை.

“இது என்னடி சூடு? இங்க இன்னொண்ணு?”

“ஒண்ணுமில்ல பெரியம்மா.”

“எனக்கு இப்ப கண்ணு தெரியுதுடி.”

என் கையை விடவில்லை.

முன்னறையிலிருந்து குரல் வந்தது: “டீ என்னாச்சு?”

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. இரண்டு பேருமே எழுந்தோம்.