வெள்ளைத் துணியில் முடிந்து வந்த கோட்டு

அன்பு மகள் ஜிபாராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், மாடு கன்று போட்டிருக்கிறது, வண்டிக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை, அங்கே நோவோசிபிர்ஸ்க் குளிரில் காது விறைக்காமல் நீ நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் இந்த மனிதன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் எழுதி, பிஷ்கெக்கிலிருந்து உங்கள் ஊர்ப்பக்கம் போகும் லாரிக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படித்து, அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு, பிறகு போன் செய்.

பனி உருகியதும் வந்து பிள்ளை செசிமைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாமே. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வேலை நிரந்தரமாகிவிட்டது, பக்கத்துத் தெருவிலேயே குழந்தைகள் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, தனி அறை பார்த்துவிட்டேன் என்று ஒரே சந்தோஷமாம். வராதே. பார்த்துவிட்டுப் போக வேண்டுமானால் வா, பிள்ளையைக் கூட்டிப்போக வராதே. உன் மாமியார் பாத்மா அவளைத் தன் மகளாக எடுத்துக்கொண்டாகிவிட்டது. ஆடு அறுத்து, ஊரைக் கூப்பிட்டு, பெரியவர்கள் கையை விரித்து ஆசி சொல்லி எல்லாம் முடிந்துவிட்டது. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று என் மேல் பாயாதே. உன்னைக் கேட்டுத்தான் செய்தோம், நீயும் சம்மதித்தாய். எப்போது சம்மதித்தேன் என்று கேட்பாய், அதைத்தான் எழுதப் போகிறேன்.

செசிமை அங்கே வைத்துக்கொண்டு நீ பட்ட பாடு இந்த கோச்கோர் ஊர் முழுக்கத் தெரியும். காலையில் கஞ்சிக் கையோடு அவள் உன் ஒரே வெள்ளைச் சட்டையைப் பிடித்துத் தொங்குவாள், நீ ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு நனைந்த நெஞ்சோடு பஸ் ஏறுவாய். அவளுக்குக் காய்ச்சல் என்றால் உனக்கு லீவு கிடையாது, காவல்காரன் பெண்டாட்டியிடம் மருந்துப் புட்டியோடு விட்டுவிட்டுப் போவாய். அவளும் இல்லாத ஒரு நாள் ஆஸ்பத்திரி மேஜைக்கு அடியில் உட்காரவைத்து வாயில் ரொட்டியைத் திணித்தாய், அவள் பல் பிடுங்க வந்தவன் காலைக் கிள்ளிவைத்தாள். அப்புறம்தானே குளிர்காலம் மட்டும் இருக்கட்டும் என்று பாத்மாவிடம் கொண்டுவந்து விட்டாய். நானே வச்சுக்கிறேன் என்று உன் அம்மா குதித்தாள், பள்ளிக்கூடச் சமையலுக்குப் போகிறவ பிள்ளையை எந்த அண்டாவில போட்டு வைப்பே என்று நான்தான் அடக்கினேன். ஒரு குளிர்காலம் என்றாய். அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது.

பாத்மா வீட்டில் என்ன பேச்சு என்று உனக்குத் தெரியாதா. நீ கல்யாணமாகிப் போன அன்றைக்கே அந்த அம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னாள், "மொதல் புள்ள எங்களது, அதுக்கப்புறம் எத்தனை பெத்தாலும் அவளே வச்சுக்கட்டும்" என்று. ஊர் வழக்கம் அது, நீயும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். அந்தம்மா சொன்னதை மறக்கிற ரகம் இல்லை. நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், நேரத்தை எடுத்துக் கொடுத்தது உன் அம்மாவின் வாய். பழைய துணிக் குவியலில் பொறுக்கின கோட்டைப் போட்டுக்கொண்டு நீ வேலைக்குப் போனதும், முழங்கை பளபளவென்று தேய்ந்திருப்பதைப் பார்த்து மேனேஜர் அம்மாள், வந்தவங்க எல்லாரும் மொதல்ல உன்னைத்தான் பாக்கறாங்க, நீ இப்படி நின்னா எங்க பல் வைத்தியம் எப்படின்னு நினைப்பாங்க, ஒழுங்கான துணி இல்லேன்னா பெருக்கிற வேலைக்குப் போ என்று வாசலில் வைத்துச் சொன்னதும், நீ போனில் அழுதாய் அல்லவா. அதை அப்படியே ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து உன் அம்மா எல்லாருக்கும் சொல்லி மூக்கைச் சிந்தினாள். எதிரே பாத்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐயோ பாவம் சம்பந்தி, என் மருமக அப்படி நிக்கலாமா, நான் பாத்துக்கிறேன் என்றாள்.

நீ இங்கே விட்டுப்போன பழைய கவுனை அளவுக்கு எடுத்துப்போய், பிஷ்கெக்கில் தனக்குத் தெரிந்த தையல் கூடத்தில் கொடுத்து, கருநீலக் கம்பளியில் கோட்டும் பாவாடையும், உள்ளே பட்டு வைத்துத் தைத்தாள். நல்ல துணி, அதில் குறை சொல்ல மாட்டேன். நான்தான் வண்டியில் கொண்டுபோய் லாரியில் ஏற்றினேன். எப்படிக் கட்டி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா. வெள்ளைத் தலைத்துணியில் சுற்றி, நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வந்தது. சும்மா கொடுக்கிற துணி பாலிதீன் பையில் வரும். சம்பந்தம் பேச, பிள்ளை கேட்க, ஒன்றை வாங்கிக்கொண்டு பதிலுக்குப் போர்த்துகிற துணிதான் வெள்ளை முடிச்சில் வரும். உன் கல்யாணத்தில் எத்தனை முடிச்சு வந்தது, எத்தனை போனது, நீயே அடுக்கி வைத்தவள்தானே. வேண்டாம் என்றால் முடிச்சை அவிழ்க்காமல் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அத்தோடு பேச்சு முடிந்திருக்கும், யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். நீ அவிழ்த்தாய். அவிழ்த்ததோடு நிற்காமல் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைத் துணியையும் கழுத்தில் அழகாகச் சுற்றி, மேஜை முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்து, அத்தைக்கு ரொம்ப நன்றி என்று எழுதி அனுப்பினாய். ரஷ்யக்கார ஊரில் இருந்து இருந்து உன் புத்தி மழுங்கிவிட்டது. எனக்குத் தெரியாமலா கொண்டுபோனேன் என்று கேட்பாய். தெரிந்துதான் கொண்டுபோனேன். அவிழ்ப்பதும் அவிழ்க்காததும் உன் பாடு, நான் வண்டிக்காரன்.

அந்தப் படத்தைத்தான் பாத்மா விருந்தில் கைக்குக் கை அனுப்பினாள். "பாத்துக்கங்க, பெத்தவளே போட்டுக்கிட்டா, முகத்துல எவ்வளவு சந்தோஷம் பாருங்க" என்றாள். உன் புருஷன் நூர்தீன் கட்டட வேலைக்குப் போன இடத்திலிருந்து போனில், அம்மா சொன்னா சரிதான் என்றான், அவனுக்கு வேறு வசனம் எப்போது தெரிந்தது. எனக்கு நீள மேலங்கியும் வெள்ளைக் கம்பளித் தொப்பியும் போட்டார்கள். ஊர் பார்க்கத் தோளில் விழுந்ததைத் தட்டிவிடும் ஆம்பளையை நான் பார்த்ததில்லை. உன் அம்மாவுக்கு வெல்வெட் மேல்சட்டை. அவள் அதை வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்டுக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டாள், அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, சாப்பாட்டை மட்டும் தரையில் தட்டென்று வைக்கிறாள். பரவாயில்லை, வீடு அமைதியாக இருக்கிறது.

சிரிப்பு என்னவென்றால், இந்தக் கோட்டைப் பார்த்துத்தானே மேனேஜர் அம்மாள் உன்னை நிரந்தரம் பண்ணினாள். பிள்ளையை வைத்துக்கொள்ள வழி செய்ததும் அதுதான், பிள்ளையை வாங்கிக்கொண்டதும் அதுதான். திருப்பி அனுப்பலாம் என்று நினைக்காதே, போட்டுக் கழற்றியதை இங்கே யாரும் கையால் தொட மாட்டார்கள். போலீஸ், கோர்ட்டு என்றும் கிளம்பாதே, அப்படி வந்தால் நம் வாசலிலும் உனக்குத் தேநீர் கிடையாது. செசிம் கொழுகொழுவென்று இருக்கிறாள், காய்ச்சல் வந்தால் பாத்மா விடிய விடிய மடியில் வைத்திருக்கிறாள், அதற்கு உனக்கு நேரம் ஏது. பாத்மாவை அம்மா என்கிறாள், நூர்தீனை அண்ணன் என்கிறாள், உன்னை அண்ணி என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. போன வாரம் நான் தூக்கப் போனேன், "நீங்க எங்க அண்ணியோட அப்பாதானே, எறக்கி விடுங்க மாமா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு வலித்தது, சொல்லிவிடுகிறேன். வலித்தால் என்ன, நான் அழுதுகொண்டா திரிகிறேன்.

கோட்டைச் சுடுதண்ணீரில் போடாதே, கம்பளி சுருங்கிவிடும், மேஜையில் முழங்கையை ஊன்றாதே. சூடாகச் சாப்பிடு. நூர்தீனுக்குச் சீக்கிரம் இன்னொன்று பெற்றுக்கொடு, அதை யாரும் கேட்க மாட்டார்கள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும், உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வந்தால் அந்தக் கருநீலக் கோட்டையே போட்டுக்கொண்டு, கழுத்தில் அந்த வெள்ளைத் துணியோடு வா. பாத்மா உன் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறாள், அண்ணி எங்கே என்று கேட்டால் பிள்ளை அதைத்தான் காட்டுகிறாள். வேறு துணியில் வந்தால் அவளுக்கு உன்னை யாரென்று தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜூமாதில்