முப்பத்தாறு வரிசைத் தும்பிக்கை

ஜூன் 11

என் மகள் பட்டாணி புதுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து இன்றோடு ஏழு நாள். பையைத் திறந்து பார்த்தேன். கம்பளி நூல் உருண்டை ஒன்று, மர ஊசி இரண்டு, கூழாங்கல் மூன்று, காய்ந்த இலை ஒன்று. நோட்டு இல்லை, புத்தகம் இல்லை.

"இன்னிக்கு என்னடி படிச்ச?"

"மழையா இருந்தோம்மா."

மழையைப் பற்றிப் படித்தாளாக்கும் என்று மறுபடியும் கேட்டேன். இல்லையாம். மழையாகவே இருந்தார்களாம். இவள் தூறல். பின் வரிசைப் பையன்கள் இடி.

எட்டு வயதுப் பெண், மூன்றாம் வகுப்பு, தூறல். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

ஜூன் 12

விடியற்காலைப் பிரார்த்தனை முடிந்ததும் புது நோட்டில் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் கற்றது, வலப்பக்கம் மறந்தது. பள்ளிக்கூடம் மார்க் போடாவிட்டால் நான் போடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பின்னமும் வட்டியும் யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை; நானே போட்டுப் பழகினேன். கணக்கு என்று ஒன்று இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பட்டாணியின் அப்பா போட்ட நிபந்தனை இது: ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை பார்ப்பார். அதுவரை பழைய பள்ளிக்கூடத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். வாய்ப்பாடு கேட்பார். சொல்லவில்லையென்றால் பழைய சீருடைதான்.

அந்தச் சீருடை. அதை மாட்டியபின் வேன் ஹாரன் கேட்டால் போதும், சாப்பிட்டதையெல்லாம் பட்டாணி வாசலில் வாந்தி எடுத்துவிடுவாள். கடைசி மாதத்தில் மட்டும் பதினேழு காலை. இந்தப் பள்ளிக்கூடம் போய் ஏழு நாளில் ஒருமுறைகூட இல்லை. இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 20

கற்றது: மண்புழுவைப் பயமில்லாமல் தூக்குவது. நீலத்தில் மஞ்சளைச் சேர்த்தால் பச்சை. மறந்தது: சாப்பாட்டு டப்பா, மூன்று முறை.

ஜூலை 2

நாத்தனார் வந்திருந்தார். சுவரில் ஒட்டியிருந்த படத்தைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது என்னம்மா, எதாவது கொட்டிடுச்சா?"

"அது 'கோபம்', அண்ணி. வண்ணத்துல வரையச் சொன்னாங்களாம்."

"எங்க வீட்டுல கோபம் தினமும் வருது. நாங்க எதையும் சுவத்துல ஒட்டல." பிறகு பட்டாணியைப் பார்த்து, "உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாங்களா, சர்க்கஸுக்கு அனுப்புறாங்களா?" என்றார்.

"சர்க்கஸ்ல சேரணும்னா பத்து வயசு ஆகணும் அத்தை" என்றாள் இவள், ரொம்ப வருத்தமாக.

ஜூலை 14

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். நல்லதா என்று நாளைக்குத் தெரியும்.

பட்டாணி பையில் வைத்திருந்த கம்பளிப் பின்னலைப் பார்த்தேன். முதல் வரிசையில் இருபத்து நான்கு கண்ணி, அதாவது நூல் வளையம். கடைசி வரிசையில் பத்தொன்பது. பத்தே வரிசையில் ஐந்து கண்ணி காணோம்! இரண்டு முறை எண்ணினேன், கண்ணாடி போட்டு மூன்றாவது முறையும். கீழே போகப் போக இளைத்துக்கொண்டே போகிறது, பத்தியம் இருக்கிற மாதிரி. இதை அவர் பார்த்தால்? எண்ணக்கூட வரவில்லை என்பாரே.

அவள் எதிர் வீட்டில் விளையாடப் போயிருந்தாள். எல்லாவற்றையும் அவிழ்த்து, பத்து வரிசையும் இருபத்து நான்கு இருபத்து நான்காகப் பின்னி, நேராக நீவி, பையில் வைத்துவிட்டேன். கடவுளே, ஒரு தாய் வேறென்ன செய்வாள்?

ஜூலை 15

நல்லதில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து அழுத முகத்தோடு வந்தாள். ஊசியை என் முன்னால் நீட்டினாள்.

"யாரும்மா இதைத் தொட்டது?"

"தப்பா இருந்துச்சுடி. கண்ணி குறைஞ்சு போய்…"

"நான்தான் குறைச்சேன்! அது தும்பிக்கை!"

யானை செய்கிறாளாம். தும்பிக்கை நுனிக்கு வரவர மெலிய வேண்டாமா? "ரெண்டு வரிசைக்கு ஒண்ணு குறைக்கணும். இருபத்து நாலு ஆறாகணும்னா பதினெட்டு குறையணும். மொத்தம் முப்பத்தாறு வரிசை. பத்து முடிச்சிருந்தேன். இப்போ இது தும்பிக்கையே இல்ல. கால்மிதி."

இத்தனையும் விசும்பிக்கொண்டே. நான் அடுப்படியில் போய்ப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறுதான்.

ஜூலை 16

பின்னல் சொல்லித்தருகிற நூல் டீச்சர் வரச் சொல்லியிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். திட்டுவார் என்று போனேன். திட்டியிருந்தால் தேவலை.

"எங்க வகுப்புல ஒரு வழக்கம் இருக்கும்மா. யார் வேலையை யார் அவிழ்த்தாலும் மூணு சனிக்கிழமை வந்து, தனக்குன்னு ஒண்ணு செஞ்சு முடிக்கணும்."

"அது பிள்ளைங்களுக்குத்தானே?"

"இதுவரைக்கும் பிள்ளைங்கதான் அவிழ்த்திருக்காங்க."

ஜூலை 18

முதல் சனிக்கிழமை. நாற்காலி என் முழங்கால் உயரம்கூட இல்லை. உட்கார்ந்துவிட்டேன்; எழுந்திருக்கப் பின் வரிசை இடிகள் இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. பூனை பின்னுகிறேன். என் கண்ணிகள் இறுகி, ஊசி உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது. பக்கத்தில் பட்டாணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் எடுத்து விடேன்டி."

"நான் தொட மாட்டேம்மா. உன்னோடது."

ஆகஸ்ட் 1

மூன்று சனிக்கிழமையும் முடிந்தது. என் பூனைக்குக் கழுத்து இல்லை. அவர் பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கு நல்லா வந்திருக்கு" என்றார். சனிக்கிழமைகளில் எங்கே போனேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிரார்த்தனையில் இதைக் குறிப்பிடாமல் தாண்டிப் போகிறேன். ஆண்டவனுக்கும் கவனிக்கத் தெரியாதா என்ன.

ஆகஸ்ட் 23

இன்று பரீட்சை. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிற மாதிரியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"ஏழெட்டு எவ்வளவு?"

பட்டாணி எழுந்து கூடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஏழாவது அடிக்கும் தொம் என்று ஒரு மிதி. பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் வாய்ப்பாடு. எட்டாவது மிதியில் நின்று, "ஐம்பத்தாறு!" என்றாள்.

அதற்குள் கீழ் வீட்டு டெய்லர் கதவைத் தட்டினார்.

"அக்கா, எட்டு தடவை இடி விழுந்துச்சு. பட்டனுக்குக் காஜா எடுக்கிற துணி கோணிப்போச்சு. மேல என்ன நடக்குது?"

"ஏழாம் வாய்ப்பாடு" என்றேன்.

"பன்னெண்டாம் வாய்ப்பாடு வர்றதுக்குள்ள நான் கடையை மாத்திடறேன்."

பட்டாணியின் அப்பா சிரிக்கவில்லை. "பரீட்சை ஹால்ல இவளை நடக்க விடுவாங்களா? கேட்டா சொல்லத் தெரியணும். போதும்மா, பார்த்தாச்சு." பழைய பள்ளிக்கூடத்துப் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பட்டாணி இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 24

காலை ஆறு மணிக்கு வாந்தி. ஹாரன்கூட இல்லை, அந்தப் படிவம் மட்டும்தான்.

ஆகஸ்ட் 25

சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. அந்தத் தும்பிக்கைக் கணக்கை அவரிடம் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அதனால்தானே இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்! என் மானத்துக்காகப் பிள்ளையை வேனில் ஏற்றப் பார்த்தேனா? வெட்கமாக இருக்கிறது.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோபப்படக்கூடாது."

"எதாவது உடைஞ்சு போச்சா?"

"தும்பிக்கை போச்சு."

முழுக்கச் சொன்னேன். அவிழ்த்தது, கால்மிதி, குட்டி நாற்காலி, உருளைக்கிழங்கு எல்லாம். பதினேழு காலை வாந்தியை எழுதிய பக்கத்தையும், நேற்றைய காலையையும் காட்டினேன். அவர் நோட்டை வாங்கிப் படித்தார். பிறகு பட்டாணியைக் கூப்பிட்டார். அவள் சுவரோரமாக வந்து நின்றாள்.

"முப்பது கண்ணியில ஆரம்பிச்சு ஆறுல முடிச்சா எத்தனை வரிசை?"

"ரெண்டு வரிசைக்கு ஒண்ணா?"

"ஆமா."

"நாப்பத்தெட்டு. ஆனா ரொம்ப நீளம்ப்பா. தடுக்கி விழும்."

அவர் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இதுக்கு மட்டும் மிதிக்கல?"

"தும்பிக்கைக்கு எதுக்குப்பா மிதிக்கணும்?" அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார். உள்ளே வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 31

பழைய பள்ளிக்கூடத்திலிருந்து போன். அவர்தான் எடுத்தார். "இல்லைங்க. வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க." இவ்வளவுதான். வைத்துவிட்டு, "டீ இருக்கா?" என்றார்.

இருந்தது. அவசரத்தில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேன். குடித்துவிட்டார். கடைசிச் சொட்டுவரை.

செப்டம்பர் 13

ஞாயிறு. காலைப் பிரார்த்தனையில் எதையும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்தேன்.

கூடத்தில் அப்பாவும் மகளும் தரையில். யானைக்கு வலது காதை அவர் பின்னுகிறார், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. பட்டாணி பின்னிய இடது காது பக்கத்திலேயே இருக்கிறது. டம்ளர் எடுக்கப் போகிற சாக்கில் பார்த்தேன். எண்ணவில்லை என்று எழுத ஆசைதான். எண்ணினேன். வலது காதில் நான்கு கண்ணி கூடுதல்.

"என்ன பார்க்கிற?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்று அடுப்படிக்கு வந்துவிட்டேன்.