பெட்ராவுக்கு உம்மோடு போக இருந்தவள்

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடக் கோபமுமாக, என் சீலிக்கு,

இஞ்சரும், சுகம் விசாரிக்கிற பகுதியை விட்டுவிடுகிறேன். அங்கே நீர் சுகமாகத்தான் இருப்பீர். உமக்கென்று ஒப்புக்கொடுத்த பூசைகளுக்குக் கணக்கில்லை. இங்கே எனக்குத்தான் சுகமில்லை. முழங்கால் வலியும் அல்ல, பிரஷரும் அல்ல. எரிச்சல். அறுபத்தெட்டு வயதில், பெண்சாதியை அடக்கம் செய்து ஒரு வருடம் கழிந்த பிறகு, ஒரு மனிசனுக்கு இப்படிப் பொறாமை வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், போடா விசரா என்றிருப்பேன்.

யார் மேல் என்று கேட்கிறீரா? பெரிட் மேல். உம்மோடு பாலர் பள்ளியில் வேலை செய்த அந்த நெட்டை நொர்வேக்காரி. இருபது வருடமாக உம்முடைய வாயில் அவள் பெயர் வரும், நான் தலையாட்டுவேன். பெரிட் கேக் சுட்டுக்கொண்டு வந்தவ, பெரிட்டுக்கு இடுப்பு வலியாம். சரி, வேலையிடத்துச் சிநேகிதம், வேலையோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

உம்முடைய அடக்கத்தன்றுதான் முதல் அடி விழுந்தது. மண்டபத்தில் சாப்பாடு நடக்கும்போது, இந்த நொர்வே நாட்டு வழக்கப்படி ஒவ்வொருவராக எழும்பி உம்மைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். நம்மவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். சீலி அமைதி, சீலி பக்தி, சீலி அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டா. நானும் ஓம் ஓம் என்று இருந்தேன். பிறகு பெரிட் எழும்பினாள். தன் வாழ்க்கையில் சீலியைப் போலத் தன்னைச் சிரிக்க வைத்த ஆள் இல்லையாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீர் கதிரையை விட்டு எழும்பினாலே மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்களாம். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

தமிழ்ச் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ரொம்சோசில் இருந்து வந்திருந்த என் தங்கச்சி காதுக்குள் சொன்னாள்: "அண்ணை, உவ வேறை ஆரின்ரையோ செத்தவீட்டுக்கு வந்திட்டா போலை." எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

பகிடிக்காரியாம். நீராம்! முப்பது வருடத்துக்கு மேல் என்னோடு இருந்தீர், எனக்கு என்ன பகிடி விட்டீர்? ஒன்றைச் சொல்லும் பார்ப்போம். நான் தபால் பிரிக்கிற இடத்தில் பின்னேர வேலை, நீர் காலை வேலை. நான் வெளிக்கிட நீர் வருவீர். கறி எந்தச் சட்டியில் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்ற தகவல் கதவடியில் கைமாறும். ஞாயிற்றுக்கிழமை பூசை. இதற்குள் எங்கே இருந்தது அந்தப் பகிடி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பெரிட் போன் எடுத்தாள். ஏப்ரலில் பெட்ராவுக்குப் போகிறாளாம். பென்ஷன் எடுத்ததும் நீங்கள் இருவரும் போவதென்று வைத்திருந்த பயணமாம். "சீலியின் இடம் சும்மா கிடக்கிறது. நீ வருகிறாயா?" என்றாள். இவர்களுக்குக் கிழவன் குமரன் எல்லாரும் நீதானே.

பெட்ராவைப் பற்றி என்னிடம் நீர் ஒரே ஒரு தரம்தான் கதைத்தீர். குசினியில், வெங்காயம் வெட்டிக்கொண்டு. யோர்தானில், பாலைவனத்துக்கு நடுவில், மலையைக் குடைந்து கட்டின பழங்காலப் பட்டணம் ஒன்று இருக்கிறதாம், போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்டீர். "கண்டறியாத கல்லு!" என்றேன். "மன்னார் வெயிலிலை பிறந்தவன் காசைக் குடுத்து வெயிலுக்குப் போறதோ? லூர்து எண்டாலும் ஒரு அர்த்தம் இருக்கு. அங்கை மெழுகுதிரி கொளுத்த ஒரு சொரூபம் எண்டாலும் இருக்கோ?" எனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் இந்தக் 'கண்டறியாத' தானாகவே வாயில் வந்துவிடும். கண்டறியாத பனி, கண்டறியாத பஸ், கண்டறியாத சாம்பார். நீர் மிச்ச வெங்காயத்தை வெட்டினீர். கதை அதோடு முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன். எங்கே முடிந்தது? நீர் கூட்டிக்கொண்டு போகிற ஆளைத்தான் மாற்றியிருக்கிறீர்.

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். எரிச்சல் பிடித்தவன் சும்மா இருப்பானா? என்னதான் திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. நம்முடைய மகள் டிலானியும் பின்னால் நின்று தள்ளினாள். "அப்பா, ஸ்லாப் ஆவ், கொஞ்சம் அமைதியா இருங்கோ. போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்கோ. இந்தக் குரோருட்டை விட்டு நீங்க எங்கயும் போறேல்லை." ஒரு சனிக்கிழமை ரெயில் மாறி ஹவுகெட்டோவுக்குப் போனேன். நீர் எத்தனை தரம் போயிருப்பீரோ? அவளுடைய வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. நம்முடைய வீட்டுப் பவுடர் மணம் பழகின நாய்.

குசினி மேசை முழுக்கப் பெட்ராவின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். முதல் நாள், இரண்டு பக்கமும் பாறை நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒடுங்கின பாதையால் நடந்து, கருவூலம் என்று சொல்கிற சிவந்த முகப்புக்கு முன்னால் போய் இருப்பதாம். வேறு ஒன்றும் இல்லை, சும்மா இருப்பதாம். அடுத்த நாள், மலை உச்சியில் மடம் என்கிற இடத்துக்குப் படி ஏறுவதாம். மூன்றாம் நாள், அந்தப் பட்டணத்தைக் குடைந்த நபத்தேயர்கள் மழைத்தண்ணீரை மறித்துப் பாறையில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த வழியைப் பார்ப்பதாம். நான்காம் நாளுக்கு ஒன்றுமே போடவில்லை. பிடித்த இடத்துக்கு இன்னொரு முறை போக.

"கல்லுப் பார்க்க நாலு நாளா? ஒரு நாள் போதாதா?" என்று கேட்டேன்.

"ஒரே நாளில் ஓடிப்பார்க்கிறது வேண்டாம் என்று சீலி சொன்னாள்."

"படி ஏறுகிறதுக்கு அங்கே கழுதை இருக்குமே?"

"சீலி விடமாட்டாள். கழுதை பாவமாம்."

கழுதை பாவம். என்னுடைய முழங்கால் பாவமில்லை.

"உயிர்த்த ஞாயிறுக்கு முதல் என்றால் நான் வரமாட்டேன்" என்றேன். அது கழிந்து இரண்டாம் கிழமைதானாம். அதுவும் சீலி சொன்னதாம். எதைத் தொட்டாலும் நீர் எனக்கு முன்னாலேயே வந்து அந்த மேசையில் இருக்கிறீர். கடைசியில் இவளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து ஒரு கேள்வி கேட்டேன். "பாலைவனத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எங்கே போகிறது?" கடவுள் என்ற பேச்சே இல்லாத அந்த மனுசி, வரைபடத்தில் விரலை வைத்தாள். "மாதபா. போகிற வழியில் இருக்கிற ஊர். கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது. சனிக்கிழமை அங்கே தங்கி, பூசை முடியப் புறப்படுகிறோம். சீலி இதைத்தான் முதலில் தேடச் சொன்னாள்."

அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூசையையுமா, சீலி? அது ஒன்றாவது நமக்குள் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் இந்த வேதமில்லாதவளோடு கோப்பி குடித்துக்கொண்டு திட்டம் போட்டிருக்கிறீர். வேறு ஒரு ஆம்பிளை என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். இடுப்பு வலிக்காரக் கிழவியின் எந்தச் சட்டையை நான் பிடிக்கிறது?

பெரிட் டிக்கெட் பதிகிறதுக்குக் கணினியைத் திறந்தாள். அது சுற்றிச் சுற்றி அப்படியே நின்றுவிட்டது. அவள் ஒரு பெருமூச்சு விட்டு, மூக்கைச் சுளித்து, "கண்டறியாத டிக்கெட்!" என்றாள்.

நான் கையிலிருந்த கோப்பியை மேசையில் வைத்துவிட்டேன். றகரம் சரியில்லை, அது நொர்வேக்காரியின் றகரம். ஆனால் இழுவை என்னுடையது. 'கண்'ணில் ஏறி 'யாத'வில் எறிகிற அந்த ஏளனம், அச்சொட்டாக என்னுடையது.

யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "சீலிதான். எங்கள் வேலையிடத்தில் எல்லாரும் சொல்வோம். கண்டறியாத கூட்டம், கண்டறியாத மழை. அது உன்னுடைய சொல் அல்லவா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவள் உன்னைத்தான் செய்து காட்டுவாள்."

விளங்குகிறதா, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று? இருபது வருடமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீர் நடித்த நாடகம் நான்தானாம். நான் சப்பாத்துக் கழற்றுவது, நான் காரில் பனி வழிப்பது, நான் மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவது, சுவாமி பிரசங்கத்தை நீட்டினால் நான் மணிக்கூட்டைப் பார்ப்பது. முகம் தெரியாத எத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்! அடக்கத்தன்று என் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் என் கொட்டாவிகூடத் தெரிந்திருக்கிறது.

"கண்டறியாத வேலை பாத்திருக்கிறா! கட்டின மனிசனை வித்தோ இவ பேர் எடுத்தவ?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பெரிட்டுக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர ஒன்றும் விளங்கியிருக்காது. முதலில் சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "நீ அப்படியே சீலி மாதிரி இருக்கிறாய்" என்றாள்.

நான் சீலி மாதிரியாம்! எனக்கு வந்த கோபத்தில் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிட்டேன்.

ஸ்டேஷனில் நின்று டிலானிக்குப் போன் அடித்தேன். கொட்டித் தீர்த்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு உண்மையாத் தெரியாதோ? அம்மா எங்களுக்கும் செய்து காட்டுவா. நீங்க வேலைக்குப் போன உடனை. தம்பி சிரிச்சுச் சிரிச்சு சோறு புரையேறி, அம்மாவே முதுகிலை தட்டுவா." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ரெயில் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. நான் ஏறவில்லை. இந்த ஒஸ்லோவில் அதைப் பார்க்காமல் விடப்பட்ட ஒரே ஆள் நான், சீலி. என்னைப் பற்றின நாடகம், என்னுடைய பெண்சாதி நடித்தது, எனக்கு மட்டும் டிக்கெட் இல்லை.

திரும்ப மேட்டில் ஏறிப் போனேன். பெரிட் கதவைத் திறந்ததும் வணக்கமும் இல்லை மன்னிப்பும் இல்லை. "செய்து காட்டு" என்றேன். "சீலி செய்கிற மாதிரி."

அவள் குசினி நடுவில் போய் நின்றாள். காற்சட்டையை இடுப்புக்கு மேல் ஒரு இழுவை. கையிரண்டையும் பின்னால் கட்டி, கழுத்தை நீட்டி, மேசையில் கிடந்த பெட்ராவை மீன் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். மூக்கால் ஒரு மூச்சு. நான்தான். கை நீட்டி அறையலாம் போல அவ்வளவு நான்.

ஆனால் அதைத் தொடங்குவதற்கு முன்னால் அவள் இன்னொன்று செய்தாள். புறங்கையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கி, இடது காதுக்குப் பின்னால் தலைமயிரை ஒதுக்கினாள். அது என்னுடையதல்ல. எனக்கு ஒதுக்க மயிர் ஏது? பெரிட்டுக்கும் ஆம்பிளைப் பிள்ளை மாதிரிக் கட்டையாக வெட்டின தலை. அது நீர். பூசையில் வாசகம் வாசிக்க ஏறும்போது ஒதுக்குவீரே, அதே கை. தான் அப்படிச் செய்கிறாள் என்று பெரிட்டுக்கே தெரியாது. சீலி செய்கிறதை அப்படியே செய்கிறாள், அவ்வளவுதான்.

நான் கதிரையில் இருந்து அழுதேன். உம்மை மண்ணில் வைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அழுது முடிந்ததும் எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. என்னிடம் உம்முடைய படங்கள் இருக்கின்றன, சேலைகள் இருக்கின்றன, கல்லறைக்குப் பூ வைக்கிற உரிமை இருக்கிறது. அவளிடம் நீரே இருக்கிறீர். இது எந்த ஊர் நியாயம்?

ஒன்று கேட்கிறேன். ஏன் எனக்கு முன்னால் ஒரு நாளாவது எழும்பி நிற்கவில்லை? நான் கோபிப்பேன் என்றா? இல்லை, நான் சிரிக்கவே மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டீரா? அந்த வெங்காயம் வெட்டின நாளில், நான் திரும்பின பிறகு, காதுக்குப் பின்னால் கை போனதா?

டிக்கெட் பதிந்தாயிற்று. உம்முடைய இடத்தில் நான். மாதபாவில் பூசைக்கு நான் நொர்வே மொழியில் விளக்கம் சொல்ல, பெரிட் பக்கத்தில் இருப்பாளாம். கழுதை இல்லை, படிதான். டிலானி இப்போதே என்னை ரொம்சோஸ் மேட்டில் ஏற்றி இறக்குகிறாள். நாலு நாள் கூட என்று சண்டை பிடித்தவன் நான். இப்போது இன்னும் இரண்டு நாள் போடு என்று பெரிட்டை அரித்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருடத்துச் சாப்பாட்டு நேரம் அவளிடம் கிடக்கிறதே, நாலு நாளில் எப்படி வாங்கி முடிப்பேன்?

நான் கல்லுப் பார்க்கப் போகவில்லை, சீலி. மடத்துப் படி ஏறி முடிந்ததும், மூச்சு வந்த பிறகு, அந்தப் பெரிய பாறை வாசலுக்கு முன்னால் பெரிட்டை நிற்க வைப்பேன். செய் என்பேன். அவள் கை காதுக்குப் பின்னால் போகும். நான் சிரிப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், சுற்றுலா வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கச் சிரிப்பேன். நான் சிரிக்கமாட்டேன் என்பதற்காகத்தான் நீர் என்னிடம் ஒளித்தீர் என்றால், அன்றைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிரும்.

எரிச்சல் ஆறாமல், உம்மைக் கட்டின மனிசன்,
மரியதாஸ்