ஒரு பை வாங்கினால் ஒரு பை தர்மம்

அன்பும் வாலும் என்றும் குறையாத மருமகளுக்கு,

மூவுலகும் அஞ்சும் உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே உன் அம்மா, நான், என் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாவிட்டால் அக்கா என்னைத் தூங்க விடமாட்டாள்.

கை பரபரக்கிறது, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பை வாங்கினால் ஏழைப் பிள்ளைக்கு ஒரு பள்ளிப் பை இலவசமாகப் போகும் என்று, உன் ஆபீஸ் தோழிகளுக்கெல்லாம் அந்தப் பெரிய கம்பெனிப் பைகளை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனில் குதித்தாயே, அந்த இலவசப் பைகள் உலகத்தில் இத்தனை ஊர் இருக்க நேராக நம் தெருக்கோடிப் பள்ளியில் வந்து இறங்கின. லாரி கிளப்பிய புழுதியில் சூரியனே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டது. ஆனால் வருஷா வருஷம் அந்தப் பள்ளிக்குப் பை தைப்பது உன் அம்மாவும் அவளோடு மெஷினில் உட்காரும் பெண்களும்தானே. இந்த வருஷம் ஆர்டர் இல்லை என்று தலைமையாசிரியை வந்து சொன்னதும் அக்கா வெட்டிய துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அதைப் பார்த்து எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. உனக்குச் சொல்கிறேன் என்றேன், "வாயத் தொறந்தா பாரு, புள்ள நல்ல மனசோட வாங்குனது" என்று கத்தரிக்கோலை நீட்டினாள்.

அதற்குள் இலவசப் பைகள் தம் குணத்தைக் காட்டின. ஜிப்பெல்லாம் பல்லை இளிக்க, ஊரே நம் வாசலில் நின்றது. கூலி கேட்க மனமில்லாமல் அக்கா சும்மாவே தைத்துக் கொடுத்தாள். கம்பெனியின் தர்மத்துக்கே தர்மம் செய்தவள் உன் அம்மா!

நேற்று பிள்ளைகளோடு போட்டோ எடுக்கக் கம்பெனி மேனேஜர் பள்ளிக்கு வந்தார். அக்கா மேடையேறிவிட்டாள். நான் தடுத்திருப்பேன், ஆனால் பின்னாலிருந்து தள்ளியதே நான்தான். தான் தைத்த பையிலும் கம்பெனிப் பையிலும் புத்தகங்களை அடைத்துத் தூக்கிக் காட்டினாள். அவர்கள் பையின் வார் பிய்ந்த சத்தத்தில் இடி இடித்ததென்று ஊரார் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினார்கள். "குடுக்காதீங்கன்னு சொல்லல சார், இங்கயே தைக்கக் குடுங்க, புள்ளைங்களுக்கு நல்ல பையும் ஆச்சு, எங்களுக்கு வேலையும் ஆச்சு" என்றாள். அவர் வேர்வையைத் துடைத்தபடி, "வாங்கறவங்க கேட்டாத்தாம்மா எங்க மேலிடத்துக்குக் காது கேக்கும், இந்தப் பைய யார் தைக்கறாங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். வாங்கினவள் எங்கள் வீட்டுப் பெண்தான் ஐயா என்று நான் கூவியது அங்கே உனக்கே கேட்டிருக்க வேண்டும்! அக்கா தைத்த பையை மாதிரிக்கென்று அவரே வாங்கிப் போயிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்காதே, பணமும் அனுப்பாதே. தோழிகளையும் சேர்த்துக்கொண்டு கம்பெனிக்கு எழுது, பதில் வரும்வரை விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள், நூறாண்டு நன்றாக இரு. இப்போது உன் அம்மாவே பக்கத்தில் நின்று சொல்லச் சொல்கிறாள்: "எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம், அவங்கள கேள்வி கேக்கச் சொல்லு."

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்து, அதனாலேயே கூன் விழுந்த,
தாய்மாமன்